அப்பா அம்மாவோட வியட்நாம் போறோம், வயிறு கெடாம பாத்துக்க என்ன பண்ணணும்?

காவிரிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். திருச்சியில இருந்து நேரா ஹோ சி மின் சிட்டிக்கு ஃப்ளைட் விட்டாங்கன்னு 2023ல பேப்பர்ல வந்ததுல இருந்தே எங்கம்மா எப்ப போறோம் எப்ப போறோம்னு கேட்டுட்டே இருந்தாங்க, இப்ப ஒரு வழியா டிக்கெட் போட்டாச்சு. நான், வொய்ஃப், ஆறு வயசு பையன், அப்பா, அம்மா. முதல்ல சைகோன் (ஹோ சி மின் சிட்டியோட பழைய பேர்), அப்புறம் டா நாங், ஹோய் ஆன், கடைசியா ஹனோய் போய் ஹா லாங் பே க்ரூஸ். போறது ஜூன்ல.

சுத்திப் பாக்கறதுக்கெல்லாம் ப்ளான் ரெடி, பயமா இருக்கறது சாப்பாடு ஒண்ணுதான். அப்பாவுக்கு 67 வயசு, சுகருக்கும் பி.பி.க்கும் மாத்திரை, அது போக தினம் காலையில வெறும் வயித்துல கேஸ் மாத்திரை ஒண்ணு. அம்மா சுத்த சைவம், முட்டை கூட கிடையாது. நாங்க மூணு பேரும் எல்லாம் சாப்பிடுவோம். கூட வேலை பாக்கற ஒருத்தர் ஃபேமிலியோட போய்ட்டு பாதி நாள் ரூமை விட்டே வெளிய வர முடியலையாம், அதைக் கேட்டதுல இருந்து வொய்ஃப் ட்ரிப்பே வேணாம்ங்கறா.

சித்தப்பா சொல்றார் ரோட்டுக்கடை பக்கமே போகாத, பெரிய ஹோட்டல் பஃபே, இல்லன்னா இண்டியன் ரெஸ்டாரண்ட், இது ரெண்டும் தவிர வேற எங்கயும் வாய வைக்காதன்னு. மச்சினன் சொல்றான் நம்ம வயிறு பஸ் ஸ்டாண்டு பானிபூரியே தாங்கின வயிறு, அங்க ஒண்ணும் ஆகாதுன்னு. அம்மா பாட்டுக்கு புளியோதரையும் தயிர் சாதமும் கட்டி எடுத்துக்கறேன்னு நிக்கிறாங்க. ஐஸ் போட்டது குடிக்கலாமா, பல்லு விளக்க எந்தத் தண்ணி, நார்ஃப்ளாக்ஸ் டி.இசட் ஒரு அட்டை கையில வச்சிருந்தா போதுமா? போய்ட்டு வந்தவங்க, அங்கயே இருக்கறவங்க யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

சைகோன்வாசி:

வணக்கம்ங்க. நமக்கு திருப்பூருங்க, இங்க சைகோன் பக்கத்துல கார்மெண்ட்ஸ் லைன்ல இருக்கேன், ஊர்ல இருந்து டூர் வர்ற சொந்தக்காரங்க முக்காவாசிப் பேரு நம்ம வீட்டு வழியாத்தான் போவாங்க, அதனால யாருக்கு எங்க என்ன சாப்பிட்டு வயிறு போச்சுங்கற கதையெல்லாம் நம்மகிட்ட வந்துரும். அதுல ரோட்டோரம் உக்காந்து ஃபோங்கற நூடுல்ஸ் சூப்பு குடிச்சு படுத்தவங்க ரொம்பக் கம்மிங்க. டூர் பஃபே, வெட்டி வெச்ச பழம், காலையில வாங்கி வேன்ல வெச்சிருந்து மத்தியானம் தின்ன பான் மீ சாண்ட்விச், இதுகதான் ஜாஸ்தி. அதனால உங்க சித்தப்பா சொல்றதை அப்படியே எடுத்துக்காதீங்க.

கடை பெருசா சின்னதாங்கறதை விட்டுட்டு சாப்பாடு அடுப்பை விட்டு இறங்கி எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பாருங்க, நான் எல்லாருக்கும் சொல்றது அது ஒண்ணுதாங்க. கிருமி பெருகறதுக்கு வசதியான சூடு 5 டிகிரியில இருந்து 60 டிகிரி வரைக்கும், அதுக்கு நடுவுல சமைச்ச சாப்பாடு ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாதும்பாங்க, வெளிய 32 டிகிரியைத் தாண்டிட்டா ஒரு மணி நேரம்தான். நீங்க ஜூன்ல வர்றீங்க, டா நாங்ல ஹனோய்ல எல்லாம் அப்ப நல்ல வெயிலுங்க, ஃபேனுக்கு அடியில வெச்சிருக்கற பண்டமெல்லாம் அந்தக் கணக்குலதான் வரும்.

ஃபோ கடையில நின்னு பாத்தீங்கன்னா புரியும். ராத்திரி பூரா கொதிச்ச சூப்பு, ஆர்டர் குடுத்ததும் நூடுல்ஸை ஒரு கரண்டி வலையில போட்டு வெந்நியில முக்கி எடுப்பாங்க, மேல கறியை வெச்சு கொதிக்கிற சூப்பை மொண்டு ஊத்துவாங்க, கிண்ணம் கையில பிடிக்க முடியாது. அதுல எங்கீங்க கிருமி. பிரச்சனை பக்கத்துல ஒரு தட்டு வெப்பாங்க பாருங்க, துளசி மாதிரி ஒரு இலை, புதினா, கொத்தமல்லி, முளைக்கட்டின பயறு, அதுலதான். பைப்புத் தண்ணியில அலசி வெச்சது. அப்பாவும் பையனும் அதைத் தொடவே வேணாம், மத்தவங்களுக்கு ஆசையா இருந்தா சூப்பு வந்த நிமிஷமே இலையை உள்ள அமுக்கி விட்டுருங்க, முளைப்பயறை மட்டும் வெந்நியில போட்டுக் குடுன்னு போன்ல ட்ரான்ஸ்லேட் பண்ணிக் காட்டுனா செஞ்சு தருவாங்க, இங்கத்த ஆளுங்களே அப்படிக் கேட்டு வாங்குவாங்க.

அடுத்து பான் மீ. இது வியட்நாமோட ஃபேமஸ் சாண்ட்விச், எல்லா யூடியூபரும் கடிச்சுக்கிட்டே வீடியோ போடுவாங்க. உள்ள தடவற மஞ்சள் க்ரீம் இருக்கு பாருங்க, அது பச்சை முட்டை மஞ்சக்கருவை எண்ணெயோட அடிச்சது. அதோட ஈரல் பேஸ்ட்டு, கறி, பச்சைக் காய், எல்லாம் கண்ணாடிப் பெட்டியில ரூம் சூட்டுல உக்காந்திருக்கும். 2023 செப்டம்பர்ல ஹோய் ஆன்ல பேரு போன ஒரு பான் மீ கடையில சாப்பிட்டு 300 பேருக்கு மேல ஆஸ்பத்திரி போனாங்க, ஃபாரினர்ஸும் அதுல உண்டு, பரிசோதனையில சால்மொனெல்லாங்கற கிருமி வந்துச்சு. 2024ல டோங் நாய்ல இன்னொரு பான் மீ கடை, 500 பேருக்கு மேல. அதே வருஷம் மார்ச்ல நா ட்ராங்ல சிக்கன் ரைஸ் சாப்பிட்டு 300 பேருக்கு மேல. இதெல்லாம் கூட்டம் நெரிக்கிற கடைங்க. கூட்டம் இருந்தா சேஃப்னு சொல்றதெல்லாம் சுடச்சுட போடற கடைக்குத்தாங்க பொருந்தும், ஒரே டப்பா க்ரீமை காலையில இருந்து ஆயிரம் ரொட்டியில தடவற கடைக்கு இல்ல. சாப்பிடணும்னா முட்டை பான் மீன்னு கேளுங்க, கண்ணு முன்னாடி ஆம்லெட் போட்டு வெச்சுத் தருவாங்க, க்ரீமும் பேஸ்ட்டும் வேணாம்னு சொல்லிருங்க, வாங்கின இடத்துலயே நின்னு தின்னுருங்க.

இண்டியன் ரெஸ்டாரண்ட்டுக்கு வர்றேன். நல்லது நிறைய இருக்குங்க. ஆனா மத்தியானம் மூணு மணிக்கு ஒரு ஈ காக்கா இல்லாத கடையில போய் பனீர் பட்டர் மசாலா கேட்டா அது என்னைக்கு வெச்ச கிரேவியோ, மைக்ரோவேவ்ல வெச்சு நடுவுல குளுந்தாப்ல வரும். நம்ம ஊர்ச் சாப்பாடுங்கறதுக்காக கண்ணை மூடிட்டுத் திங்காதீங்க. தோசை, ரொட்டி, முட்டைப் பொரியல் மாதிரி அப்பவே போடறதாச் சொல்லுங்க.

தண்ணி, பைப்புத் தண்ணி குடிக்கக் கூடாது, பாட்டில் சீல் உடைக்கிற சத்தம் கேக்கணும். பல்லு விளக்கறதுக்கும் பாட்டில் தண்ணியே வெச்சுக்கோங்க, ஹோட்டல்ல தினம் ரெண்டு பாட்டில் ஃப்ரீயா வெப்பாங்க, முக்காவாசி ரூம்ல கெட்டிலும் இருக்கும், கொதிக்க விட்டு ஒரு நிமிஷம் நல்லா பொங்குனா போதும். ஐஸ், நடுவுல ஓட்டை போட்ட உருண்டைக் குழாய் மாதிரி இருந்தா அது ஃபேக்டரியில சுத்திகரிச்ச தண்ணியில போட்டது, நாங்க குடிக்கறோம், உங்க அப்பாவுக்கும் பையனுக்கும் மட்டும் அதுவும் வேணாம். பாளம் பாளமா உடைச்சுப் போட்டா யாருமே தொடாதீங்க. ஓட்டல்ல உக்காந்ததும் ஐஸ் டீ ஒரு டம்ளர் சும்மாவே கொண்டாந்து வெப்பாங்க, மரியாதைக்குக் குடிக்கணும்னு இல்ல. கரும்பு ஜூஸ் கண்ணைப் பறிக்கும், அந்த மெஷினை எப்பக் கழுவினாங்கன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

ஊர்சுத்தி:

சைகோன் அண்ணன் சொன்னது அத்தனையும் ரைட்டு. டா நாங்ல பா நா ஹில்ஸ் போவீங்க, அந்தக் கை தாங்கற கோல்டன் ப்ரிட்ஜ், அங்க டிக்கெட்டோட பஃபே சேத்து விப்பாங்க, எல்லா டூர்காரனும் அதைத்தான் தலையில கட்டுவான். பஃபேன்னா லேட்டா போகாதீங்க, திறந்ததும் போய்டுங்க, ஆவி வர்ற ட்ரேல மட்டும் எடுங்க, அப்பவே போட்டுத் தர்ற நூடுல்ஸ் கவுண்டர் இருந்தா அங்கேயே டேரா போடுங்க. சாலட், கேக், வெட்டின தர்பூசணி எல்லாம் பாக்க மட்டும். ஒரே கரண்டியை நூறு பேர் தொட்டிருப்பான், அதையும் மறந்துடாதீங்க.

பழம்னா நீங்களே உரிக்கறது. ரம்புட்டான், மங்குஸ்தான், லாங்கன், வாழைப்பழம், ஜூன்ல கொட்டிக் கிடக்கும்.

அப்புறம் உங்க மச்சினனுக்கு ஒரு விஷயம். நம்ம வயிறு பழகினது நம்ம ஊர் ஈ.கோலைக்கு. அங்க வேற ஜாதிக் கிருமி. நம்ம ஊர்ல வளந்ததால கொஞ்சம் தாங்கும்னு வேணா சொல்லலாம், ஒண்ணுமே ஆகாதுன்னு சொல்ல முடியாது. காரம் சாப்பிட்டா கிருமி செத்துரும், எலுமிச்சை பிழிஞ்சா செத்துரும், ஒரு பெக் போட்டா செத்துரும், இந்த மூணையும் எல்லா ட்ரிப்லயும் எவனாச்சும் ஒருத்தன் சொல்லுவான், அவன்தான் முதல்ல படுப்பான்.

பெக்குன்னதும் ஞாபகம் வருது. சீல் பாட்டில் பீர் ஓகே. லோக்கல் சரக்கு, பாருல ஃப்ரீ ஷாட், பக்கெட்ல கலக்கித் தர்றது எதுவும் வேணாம். பக்கத்து நாடு லாவோஸ்ல வாங் வியெங்கற டூரிஸ்ட் ஊர்ல 2024 நவம்பர்ல ஃபாரின் டூரிஸ்ட் ஆறு பேர் செத்தாங்க, சரக்குல மெத்தனால். அதே வருஷம் ஜூன்ல நம்ம கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல போனதும் அதே மெத்தனால்தான், நமக்கு யாரும் புதுசா சொல்லித் தர வேண்டியதில்ல.

ராத்திரி_டூட்டி:

ஹாஸ்பிடல் ஃபார்மஸியில வேலை. சாப்பாடு பத்தி மேல நல்லாவே சொல்லிட்டாங்க, நான் மாத்திரை சைடு சொல்றேன், இது யாரும் கவனிக்காத விஷயம்.

உங்க அப்பாவோட கேஸ் மாத்திரை. பான்டோபிரசோல் மாதிரி ஒண்ணாத்தான் இருக்கும். வயித்துல இருக்கற ஆசிட்தான் உள்ள வர்ற கிருமியைக் கொல்ற முதல் காவல், இந்த மாத்திரை அந்த ஆசிட்டைத்தான் குறைக்குது. அதனால இதை தினம் போடறவங்களுக்கு வயித்துப்போக்கு வர்ற சான்ஸ் ஜாஸ்தி. நம்ம ஊர்ல பாதிப் பேர் எதுக்குன்னே தெரியாம வருஷக்கணக்கா முழுங்கிட்டு இருக்காங்க. உண்மையிலேயே தேவையான்னு டாக்டர்கிட்ட கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க. ஹார்ட்டுக்கு ஆஸ்பிரின் மாதிரி ஏதாச்சும் கூட போடறார்னா அதுக்காகக் குடுத்திருக்கலாம், நீங்களா நிறுத்திடாதீங்க.

சுகர் மாத்திரை இதைவிட முக்கியம். வாந்தி பேதியாகி சாப்பாடு இறங்காதப்ப கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையை வழக்கம் போல போட்டா சுகர் தடால்னு இறங்கிடும். மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், சில பி.பி. மாத்திரை எல்லாம் உடம்புல தண்ணி வத்தினப்ப போட்டா ஆபத்தாகலாம். வயிறு கெட்டா எதை நிறுத்தணும் எதைத் தொடரணும்னு இப்பவே டாக்டர்கிட்ட ஒரு பேப்பர்ல எழுதி வாங்கி போன்லயும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. ஹோய் ஆன்ல ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க டாக்டருக்கு போன் போட்டு அவர் எடுப்பார்னு நம்பி இருக்காதீங்க.

நார்ஃப்ளாக்ஸ் டி.இசட் ஒரு ஆன்டிபயாடிக், நம்ம ஊர்ல இது மிட்டாய் மாதிரி. லூஸ் மோஷன்னா கடையில போய் ரெண்டு மாத்திரை. முதல் விஷயம், முக்கால்வாசி வயித்துப்போக்கு ஆன்டிபயாடிக் இல்லாமலே சில நாள்ல தானா அடங்கிடும். ரெண்டாவது, தென்கிழக்கு ஆசியாவுல டூரிஸ்ட்டுக்கு வர்றதுல கேம்பிலோபாக்டர்னு ஒரு கிருமி நிறைய, அது நார்ஃப்ளாக்ஸ், சிப்ரோ குடும்பத்துக்கு அங்க பெருசா கேக்கறதே இல்ல. தேவைப்பட்டா டாக்டர்ங்க அங்க எழுதறது அசித்ரோமைசின். அப்பாவோட வயசுக்கும் மத்த மாத்திரைக்கும் அது ஒத்துக்குமான்னு பாத்துத்தான் எழுதுவாங்க, அதனால ப்ரிஸ்க்ரிப்ஷனோட வாங்கி எடுத்துட்டுப் போங்க, எப்ப போடணும்னும் கேட்டுக்கோங்க. பேதியைக் கட்டுப்படுத்தற லோபரமைடு பஸ் பயணத்துக்கு பெரியவங்களுக்கு உதவும், ஆனா ரத்தம் போனாலோ காய்ச்சல் இருந்தாலோ போடக் கூடாது, பையனுக்கு குடுக்கவே வேணாம்.

எடுத்துட்டுப் போக வேண்டிய உண்மையான மருந்து ஓ.ஆர்.எஸ். பவுடர் பாக்கெட்டா வாங்குங்க. கடையில டெட்ரா பேக்ல கலர் ஜூஸ் மாதிரி வித்ததெல்லாம் சர்க்கரைத் தண்ணி, 2025 அக்டோபர்லதான் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.ங்கற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த மாதிரி பானங்க மேல ஓ.ஆர்.எஸ்.னு பேர் போடக் கூடாதுன்னு நிறுத்துச்சு. பாக்கெட் வாங்கறப்ப சைஸ் பாருங்க, 21 கிராம் சொச்சம் இருக்கற பெருசு ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. ஹோட்டல்ல குடுக்கறது அரை லிட்டர் பாட்டில், பெரிய பாக்கெட்டை அதுல கொட்டினா உப்பு டபுளாயிடும், பையனுக்கு அது ஆபத்து. ரெண்டு பாட்டில் தண்ணியை கெட்டில்லயோ ஜக்குலயோ ஒண்ணா ஊத்திக் கலக்குங்க, 24 மணி நேரத்துக்கு மேல வச்சு குடிக்க வேணாம். அங்க மெடிக்கல்ல ஒரேசோல்னு கேட்டா தருவாங்க, அதுலயும் எத்தனை மில்லிக்குன்னு போட்டிருக்கும். சுகர் இருக்கறதால அப்பாவுக்கு ஓ.ஆர்.எஸ். வேணாம்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, லிட்டருக்கு 13.5 கிராம் குளுகோஸ்தான், அது இல்லாம குடல் உப்பையும் தண்ணியையும் சரியா உறிஞ்சாது.

வாந்தி எடுக்கற குழந்தைக்கு டம்ளர்ல குடுக்காதீங்க, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன்.

எப்ப டாக்டர்கிட்ட ஓடணும்: மலத்துல ரத்தம், நல்ல காய்ச்சல், குடிச்ச தண்ணி கூட நிக்காம வாந்தி, ஆறு எட்டு மணி நேரமா யூரின் போகல, அப்பா சம்பந்தமில்லாம பேசறார், பையன் துவண்டு கிடக்கறான். இதுல ஒண்ணு இருந்தாலும் காலையில பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. அங்க ஆம்புலன்ஸ் 115. ட்ராவல் இன்ஷூரன்ஸ்ல அப்பாவோட சுகர், பி.பி.யை மறைக்காம எழுதியிருக்கீங்களான்னு பாருங்க.

ஊசின்னா டைஃபாய்டும் ஹெபடைட்டிஸ் ஏவும் கேளுங்க. பையனுக்கு ஏற்கனவே போட்டிருக்கலாம், கார்டைப் பாருங்க. கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியாவது போட்டாதான் பிரயோஜனம்.

ரெண்டு_பசங்க_அம்மா:

உங்கம்மாவை நான் புரிஞ்சுக்கறேன், நானும் கட்டுசாத கேஸ்தான். ஆனா எதைக் கட்டறோம்ங்கறதுல விஷயம் இருக்கு. புளியோதரை புளியும் நல்லெண்ணெயும் சேந்தது, தண்ணி படாம கிளறினா கிளம்பற அன்னிக்கு ஃப்ளைட்டுக்கும் போய் இறங்கின ராத்திரிக்கும் தாங்கும், நம்ம பாட்டிங்க ரயிலுக்கு அதைக் கட்டினது சும்மா இல்ல. அதை மறுநாள் வரைக்கும் ரூம்ல வச்சிருந்து சாப்பிடறது வேணாம். பொங்கல், தேங்கா சட்னி, உப்புமா, கூட்டு இதெல்லாம் கட்டவே கட்டாதீங்க. தேங்கா சட்னி இறங்கறதுக்குள்ள நுரைச்சிருக்கும்.

சாதம் பத்தி ஒண்ணு சொல்லணும், இதை நிறைய பேர் நம்ப மாட்டேங்கறாங்க. அரிசியில பேசிலஸ்னு ஒரு கிருமி இருக்கு, அதோட விதை சாதம் வெந்தாலும் சாகறதில்ல. சாதம் ஆறி வெளியவே கிடந்தா அது முளைச்சு விஷத்தைக் கக்கிடும், அப்புறம் நீங்க எவ்வளவு சூடு பண்ணினாலும் அந்த விஷம் போகாது, சாப்பிட்ட ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல வாந்தி ஆரம்பிக்கும். அதனால குட்டி குக்கர் எடுத்துட்டுப் போய் ரூம்ல வடிக்கறதா இருந்தா அந்த வேளைக்கு மட்டும் வடிங்க, மிச்சத்தை சாயங்காலம் எலுமிச்சை சாதமா மாத்தற வேலை வேணாம்.

நான் எடுத்துட்டுப் போனது என்னன்னா பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், தக்காளி தொக்கு, வறுத்த அவல், கொஞ்சம் நெய். வெந்நீர் இருந்தா அவல் போதும், ஒரு டிபன் ஆச்சு. தொக்குக்கு ஈரமில்லாத ஸ்பூன் தனியா வச்சிடுங்க, பசங்க சாதக் கையோட உள்ள விட்டா மூணாம் நாளே பூசணம். தயிருக்கு கவலையே வேணாம், எல்லா சூப்பர் மார்க்கெட்லயும் கப்புல கிடைக்கும், நிறைய சர்க்கரை போட்டது, சர்க்கரை இல்லாததுன்னு கேட்டு வாங்கணும், ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்ததா பாத்து வாங்குங்க. சுடு சாதம், அந்தத் தயிர், அம்மாவோட தொக்கு, முடிஞ்சது.

சைவத்துக்கு அங்க சாய் (chay)னு போர்டு போட்ட கடைங்க இருக்கு, புத்த மதக்காரங்க சைவம், பௌர்ணமிக்கும் அமாவாசை ஒட்டி வர்ற மாசப் பிறப்புக்கும் அந்தக் கடைங்கள்ல கூட்டம் இருக்கும், அன்னிக்கு எல்லாம் ஃப்ரெஷ்ஷா இருக்கும். சாதாரணக் கடையில வெஜ்ன்னா காயைப் போட்டு மீன் சாஸை ஊத்தித் தருவாங்க, அவங்க கணக்குல அது வெஜ்தான், அதனால சாய் போர்டு பாத்துப் போறதுதான் அம்மாவுக்கு நிம்மதி. ஆனா சைவம்னாலே சேஃப்னு நினைச்சுடாதீங்க, பொரிக்காத பச்சை ஸ்ப்ரிங் ரோல்ல வேக வைக்காத கீரை நிறைய இருக்கும். டோஃபு பொரிச்சது, வதக்கின கீரை, சூடா நூடுல்ஸ் சூப் அப்படிப் போங்க.

பையன் கை. இதுதான் பெரிய தலைவலி. சானிடைசர் மட்டும் நம்பாதீங்க, நோரோவைரஸ்னு வாந்தி வர வைக்கற வைரஸ் ஒண்ணுக்கு அது சரியா வேலை செய்யாது, சோப்புதான். பேப்பர் சோப்பு பாக்கெட்ல போட்டுக்கோங்க. மேஜை மேல டப்பாவுல சாப்ஸ்டிக், ஸ்பூன் எல்லாம் குத்தி வச்சிருப்பாங்க, அந்த ஊர்க்காரங்களே டிஷ்யூல துடைச்சுட்டுத்தான் சாப்பிடறாங்க, ஒரு ஸ்பூன் செட் வீட்டுல இருந்து எடுத்துட்டுப் போனா இன்னும் நல்லது.

பசிக்குது_பாஸ்:

எல்லாரும் சேந்து பாவம் அந்த மனுஷனை இன்னும் பயமுறுத்திட்டீங்க. வியட்நாம் போய் அவல் ஊற வச்சு சாப்பிட்டுட்டு வர்றதுக்கு திருச்சியிலயே இருக்கலாமே சார். நான் போனப்ப எல்லாமே சாப்பிட்டேன், எக் காஃபி, பச்சை இலை, ஐஸ் போட்ட கரும்பு ஜூஸ், நடுராத்திரி ரோட்டோர நத்தை. ஒண்ணும் ஆகல.

சைகோன்வாசி:

@பசிக்குது_பாஸ் உங்களுக்கு ஆகலைங்கறது சந்தோஷம். உங்க வயசு என்னன்னு தெரியலைங்க, அவங்க அப்பாவுக்கு 67, சுகர். அதே கிண்ணத்துல சாப்பிட்டு உங்களுக்கு ஒரு நாள் வயித்து வலியோட போறது அவருக்கு கிட்னி வரைக்கும் போகும். யாரும் சாப்பிட வேணாம்னு சொல்லல, ஃபோ, சுடச்சுட பான் ஸேவ்ங்கற அரிசி மாவு தோசை, வோக்ல வதக்கின காய், கிரில்ல சுட்ட கறி, இதையே தின்னு முடிக்க உங்க ட்ரிப் பத்தாது. ஹனோய் எக் காஃபி மட்டும் அப்பாவுக்கும் பையனுக்கும் வேணாம், அது பச்சை மஞ்சக்கரு அடிச்ச நுரை, சூடான காஃபி மேல மிதக்குதுன்னு முட்டை வெந்துறாது. அம்மா எப்படியும் தொட மாட்டாங்க. ஐஸ் இல்லாம சூடா சாதா காஃபி குடிங்க, அதுவே தேவாமிர்தம்.

காவிரிக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு டீட்டெய்லா வரும்னு எதிர்பாக்கல. அப்பாவோட டாக்டருக்கு அப்பாயிண்ட்மெண்ட் போட்டுட்டேன். இன்னும் ரெண்டு சந்தேகம். ஹா லாங் க்ரூஸ்ல சாப்பாடு அவங்க குடுக்கறதுதான், பூரா சீஃபுட்டுங்கறாங்க, அங்க வேற வழியே இல்லையே? இன்னொண்ணு, என் ஃப்ரெண்டு ஃபேமிலி படுத்தாங்கன்னேனே, அவங்க மத்தியானம் ரோட்டுக்கடையில சாப்பிட்டாங்களாம், ராத்திரி ஆரம்பிச்சுருச்சாம், அப்ப ரோட்டுக்கடைதானே காரணம்?

சைகோன்வாசி:

க்ரூஸ்க்கு புக் பண்றப்பவே எழுதிருங்க, ஒருத்தர் முட்டை கூட இல்லாத சைவம், ஒருத்தருக்கு சுகர்னு, தனியா செஞ்சு தர்றாங்க. சீஃபுட்ல மீனு, இறால், கணவாய் நல்லா வெந்து சூடா வந்தா தைரியமா சாப்பிடுங்க. சிப்பி வகை மட்டும் வேணாம்ங்க. ஆய்ஸ்டர் மேல வெங்காயத்தாளும் எண்ணெயும் போட்டு கிரில்ல வெச்சுக் குடுப்பாங்க, பாக்க பிரமாதமா இருக்கும், ஓடு கருகியிருக்கும் உள்ள கொழகொழன்னு பச்சையாவே இருக்கும். அதுக கடல் தண்ணியை வடிகட்டியே வாழற ஜீவன், தண்ணியில இருக்கற அத்தனையும் உள்ள சேத்து வெச்சிருக்கும், ஹெபடைட்டிஸ் ஏ, நோரோவைரஸ் ரெண்டும் அந்த வழியா வரும். கப்பல்ல ஒருத்தருக்கு வாந்தின்னா அந்தப் பக்கமே போகாதீங்க, பையனை கைப்பிடிக் கம்பியெல்லாம் தடவிட்டு அப்படியே சிப்ஸ் திங்க விடாதீங்க.

சைகோன்ல பென் தான் மார்க்கெட் பக்கத்துல மாரியம்மன் கோயில் இருக்கு, அந்தக் காலத்துல வந்த நம்ம தமிழ் ஆளுங்க கட்டுனது, அம்மாவைக் கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. அந்தச் சுத்துவட்டாரத்துலயே இண்டியன் கடைங்களும் இருக்கு, மத்தியானம் 12ல இருந்து ஒரு மணிக்குள்ள போனா எல்லாம் சூடா இருக்கும்.

ராத்திரி_டூட்டி:

ரெண்டாவது கேள்விக்கு. கடைசியா சாப்பிட்டதைத்தான் எல்லாரும் திட்டுவாங்க, பல சமயம் அது இல்ல. சாப்பிட்ட ஒரு மணியில இருந்து ஆறு மணி நேரத்துக்குள்ள பயங்கர வாந்தின்னா ஸ்டாஃபிலோகாக்கஸ்ங்கற கிருமியோட விஷமா இருக்கும், இல்லன்னா அந்த சாதக் கிருமியோட விஷம், அதுக்குத்தான் கடைசிச் சாப்பாடு காரணம். சால்மொனெல்லா பெரும்பாலும் அரை நாள்ல இருந்து மூணு நாள் எடுக்கும், கேம்பிலோபாக்டர் ரெண்டுல இருந்து அஞ்சு நாள். உங்க ஃப்ரெண்டு ஃபேமிலிக்கு பேதியும் காய்ச்சலும்னா அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஹோட்டல்ல சாப்பிட்ட ப்ரேக்ஃபாஸ்ட்டா கூட இருக்கலாம், ரோட்டுக்கடைக்காரன் பாவம். என்னன்னு டெஸ்ட் பண்ணாம யாராலயும் சொல்ல முடியாது.

இதே காரணத்தால ஊருக்கு வந்த பிறகும் கொஞ்சம் கவனமா இருங்க. டைஃபாய்டு ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சுக்கூட காய்ச்சலா ஆரம்பிக்கும், ஜியார்டியான்னு ஒரு பூச்சி வந்து ரெண்டு வாரம் கழிச்சு வயிறு உப்புசம், நாத்தமான பேதின்னு இழுத்துட்டே போகும். யாருக்காச்சும் காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட முதல் வார்த்தையே வியட்நாம் போய்ட்டு வந்தோம், இன்ன தேதியில இருந்து இன்ன தேதி வரைக்கும் இருந்தோம்னு சொல்லுங்க, அவரா கேப்பார்னு இருக்காதீங்க. அப்பா அப்பாயிண்ட்மெண்ட்டுக்குப் போறப்ப கேஸ் மாத்திரை அட்டை உட்பட எல்லா அட்டையையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, பேர் ஞாபகம் வச்சு சொல்றேன்னு போகாதீங்க.